நெல்லைச் சீமையில் முதல் வண்டி: எதை வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது

முதன்முறையாக மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவரிடம் உற்றார் உறவினர் கேட்கும் முதல் கேள்வி எத்தனை சி.சி. என்பதாகவும், அடுத்த கேள்வி மைலேஜ் எவ்வளவு என்பதாகவும் இருக்கிறது. இரண்டுமே கேட்க வேண்டியவைதாம். ஆனால் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் புதிதாக ஓட்டத் தொடங்கும் ஒருவர், நாள்தோறும் எந்தச் சாலையில் போய்வரப் போகிறோம் என்பதையும், நின்றுவிட்ட வண்டியை இரு கால்களையும் ஊன்றித் தாங்க நம்மால் முடியுமா என்பதையும் இவற்றுக்கு முன்பாகவே முடிவு செய்துகொள்ள வேண்டும். இந்த இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் ஷோரூமில் வரிசையாக நிற்கும் வண்டிகளில் பாதி தாமாகவே கழிந்துபோகும்.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்பகுதியில் தொடங்குபவர்களில் பெரும்பாலோருக்கு 100 முதல் 125 சி.சி. வரையிலான கியர் வண்டியே பொருத்தமானது. அதையும் புதிதாக வாங்காமல், நன்றாகப் பராமரிக்கப்பட்ட பழைய வண்டியாக வாங்குவது நல்லது. மாநகர எல்லைக்குள் மட்டுமே ஓட்டப் போகிறவருக்கு ஸ்கூட்டரும், நாற்கரச் சாலையே அன்றாட வழியாக அமைந்துவிட்டவருக்கு சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் உள்ள 150 அல்லது 160 சி.சி. வண்டியும் விலக்காக அமையும். 350 சி.சி. வண்டியை முதல் வண்டியாகக் கொள்வதை நான் ஏற்கவில்லை. அதன் காரணத்தைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

சாலையைப் பார்த்து வண்டியைத் தேர்வது

திருநெல்வேலி டவுன் ரத வீதிகள், சந்திப்புப் பகுதி, வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டை மார்க்கெட், மேலப்பாளையம் என்று மாநகருக்குள் சுற்றுபவருக்கு வேகம் ஒரு பிரச்சினையே அன்று. மணிக்கு முப்பது கிலோமீட்டரைத் தாண்ட வாய்ப்பு அரிது. நிமிடத்துக்கு நான்கு முறை நின்று கிளம்ப வேண்டியிருக்கும். கிளட்சும் கியரும் இல்லாத ஸ்கூட்டர் இங்கே புதியவரின் கவனத்தில் பாதியை மிச்சப்படுத்தித் தருகிறது. பெருமாள்புரத்தில் குடியிருந்துகொண்டு ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு வேலைக்குச் செல்லும் ஒரு செவிலியருக்குக் கியர் வண்டியைப் பரிந்துரைக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. நம் ஊரில் எந்த நிறுவனத்தின் வண்டியானாலும் 'ஸ்கூட்டி' என்றே வழங்கும் இந்த வகையில், ஹோண்டா ஆக்டிவாவின் எடை ஏறத்தாழ 106 கிலோ. இருக்கையின் உயரமும் கியர் வண்டிகளைவிடக் குறைவு. ஐந்தடி உயரமுள்ளவரின் பாதங்களும் தரையில் நன்றாகப் பதியும்.

அதே செவிலியரின் தம்பி சேரன்மகாதேவியிலிருந்து பாளையங்கோட்டைக் கல்லூரிக்கு நாள்தோறும் வருபவரானால் கணக்கு மாறிவிடுகிறது. தாமிரபரணிப் பாசனத்தை ஒட்டிச் செல்லும் அம்பாசமுத்திரம் வழித்தடம் பார்ப்பதற்கு அழகானது; ஓட்டுவதற்கோ கவனம் மிகவும் வேண்டுவது. கால்வாய்க் கரையையும் குளத்துக் கரையையும் ஒட்டி வளைந்து வளைந்து போகும் சாலையில் பேருந்துகள் நேரக் கணக்குக்காக விரைந்து வரும். கார், பிசானம் ஆகிய இரண்டு நெல் பருவங்களின் அறுவடைக் காலங்களிலும் சாலையின் ஓர் ஓரத்தில் நெல் காயும். வைக்கோல் பரந்து கிடக்கும். வயலிலிருந்து ஏறிய அறுவடை இயந்திரத்தின் சக்கரங்கள் உதிர்த்த சேறு, மாலைச் சாரலில் வழுக்கும் களியாக மாறியிருக்கும். விடியற்காலையில் மயில்கள் குறுக்கே பறக்கும். இத்தகைய சாலைக்கு ஸ்கூட்டரின் சிறிய சக்கரத்தைவிட, பதினெட்டு அங்குலச் சக்கரமுள்ள சாதாரணக் கியர் வண்டி மேலானது. ஆக்டிவாவின் பின்சக்கரம் பத்து அங்குலமே என்பதால், ஹீரோ ஸ்பிளெண்டர் உருண்டு கடந்துவிடும் குழியில் அது இறங்கி ஏறும். இறங்கி ஏறும்போது கைப்பிடி திரும்புவதைப் புதியவரால் உடனே சமாளிக்க முடியாது.

மூன்றாவது வகை நாற்கரச் சாலை. மதுரையிலிருந்து கோவில்பட்டி, கயத்தாறு வழியாகத் திருநெல்வேலிக்கு வந்து, நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு எனக் கன்னியாகுமரியை நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44-ஐப் புதியவர்கள் அகலமான, நேரான, எளிதான சாலை என்று எண்ணிவிடுகிறார்கள். அகலமும் நேரும் உண்மை. அங்கே கார்களும், இடையில் நிற்காத நாகர்கோவில் 'எண்ட் டு எண்ட்' பேருந்துகளும் செல்லும் வேகத்துக்கும், 100 சி.சி. வண்டி சிரமமின்றிப் போகக்கூடிய ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்துக்கும் உள்ள இடைவெளிதான் சிக்கல். இதனுடன், நடுத்தடுப்பின் திறப்பு வெகு தொலைவில் இருப்பதால் எதிர்த்திசையிலேயே ஓரமாக வந்துவிடும் உள்ளூர் வண்டிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனி முதல் புரட்டாசி வரை காற்றும் ஒரு தரப்பாக வந்து சேர்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியாக மேற்கிலிருந்து பாயும் மேல்காற்றுதான் முப்பந்தல், இராதாபுரம் பகுதிகளில் காற்றாலைகளை நிறுவச் செய்தது. அதே காற்று இருசக்கர வண்டியையும் விட்டுவைப்பதில்லை. இச்சாலை ஏறத்தாழ வடக்கு தெற்காகச் செல்வதால் காற்று பக்கவாட்டில் தாக்குகிறது. தெற்கு நோக்கிப் போகும்போது வலப்புறத்திலிருந்து வந்து வண்டியை இடது ஓரத்துக்குத் தள்ளும். திரும்பி வரும்போது இடப்புறத்திலிருந்து வந்து, விரைந்து செல்லும் வண்டிகளின் தடத்துக்குள் தள்ளும். ஆகவே, திரும்பும் பயணமே அதிக ஆபத்துடையது. தெற்கு நோக்கிச் செல்பவரைப் பேருந்து ஒன்று முந்தும்போது வேறொரு நிகழ்வு உண்டு. காற்றை எதிர்த்து வலப்புறமாகச் சற்றே சாய்ந்து ஓட்டிக்கொண்டிருப்பவருக்குப் பேருந்து மறைத்த நொடியில் காற்று நின்றுவிடுகிறது. சாய்வு மட்டும் எஞ்சி, வண்டி பேருந்தை நோக்கி நகர்கிறது. பேருந்து கடந்ததும் காற்று மீண்டும் அறைகிறது. பழகியவர் கைப்பிடியை இறுகப் பற்றாமல், முழங்காலால் டேங்கை அணைத்துக்கொண்டு இதைக் கடப்பார். முதல் மாதத்தில் இருப்பவர் கைப்பிடியை இறுக்குவார். அதனால் ஆட்டம் கூடும்.

இந்த ஓர் இடத்தில் மட்டும் கனமான வண்டிக்கு நியாயம் உண்டு. 195 கிலோ எடையுள்ள 350 சி.சி. வண்டியைக் காற்று எளிதில் அசைத்துவிடாது. இருந்தும், வள்ளியூரிலிருந்து நாகர்கோவிலுக்கு நாள்தோறும் வேலைக்குப் போகும் புதியவர் அந்த ஒரு காரணத்துக்காக 350-ஐ நாட வேண்டியதில்லை. 150 அல்லது 160 சி.சி. வண்டி அதற்குப் போதுமான நிலைத்தன்மையும், முந்துவதற்கான கையிருப்பு வலுவும் உடையது. ஆறு மாதம் சர்வீஸ் சாலையிலும் ஊர்களுக்குள் செல்லும் பழைய சாலையிலும் ஓட்டிப் பழகிவிட்டு, காற்று அடங்கிய மாதங்களில் நாற்கரச் சாலைக்கு வருவது அதைவிடவும் நல்லது.

எடையும் உயரமும்

விளம்பரங்கள் குதிரைத்திறனைப் பேசுகின்றன. புதியவர் வண்டியைக் கீழே போடுவதோ பெரும்பாலும் நின்ற நிலையில், அல்லது நடைவேகத்தில் திரும்பும்போதுதான். வீட்டு வாசலின் சரிவில் பின்னோக்கித் தள்ளும்போது, பெட்ரோல் பங்கில் சென்டர் ஸ்டாண்டு போடும்போது, மணல் பரவிய முடுக்கில் காலை ஊன்றும்போது உதவிக்கு வருவது இயந்திரத்தின் வலு அன்று, எடைக் குறைவே. திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரிச் செம்மண்ணில் வண்டியை நிறுத்திப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். சைடு ஸ்டாண்டு மெல்லப் புதைந்து, திரும்பிப் பார்ப்பதற்குள் வண்டி படுத்திருக்கும். ஸ்பிளெண்டர் பிளஸ் ஏறத்தாழ 112 கிலோ. ஹோண்டா ஷைன் 125-உம் அதை ஒட்டியதே. பல்சர் 150 ஏறத்தாழ 148 கிலோ. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 ஏறத்தாழ 195 கிலோ. அதே நிறுவனத்தின் ஹண்டர் 350 சற்றுக் குறைந்து 181 கிலோ. 112 கிலோ வண்டி சாய்ந்தால் ஒருவர் தனியாக நிமிர்த்திவிடலாம். 195 கிலோ வண்டி ஓர் அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் அதைப் பிடிக்க முயல்வதே தவறு. விட்டுவிட்டு விலகுவதுதான் முழங்காலுக்கு நல்லது.

இவற்றுக்கிடையே இருக்கை உயரத்தின் வேறுபாடு மிகப் பெரிதன்று. ஸ்பிளெண்டர் 785 மில்லிமீட்டர், கிளாசிக் 805 மில்லிமீட்டர். இரண்டு சென்டிமீட்டர்தானே என்று தோன்றலாம். ஆனால் இருக்கையின் அகலமும் சேர்ந்து தொடைகளை விரிப்பதால், குள்ளமானவருக்குக் குதிகால் தரையில் படுவதற்கும் விரல்நுனி மட்டும் படுவதற்கும் உள்ள வேறுபாடாக அது முடிகிறது. யமஹா ஆர்15 போன்ற, முன்னோக்கிக் குனிந்து ஓட்டும் வண்டிகளில் உயரம் இன்னும் கூடுவதோடு, உடலின் எடை மணிக்கட்டில் இறங்குவதால் மெதுவாகத் திரும்புவது கடினமாகிறது. கல்லூரி வாசல்களில் அந்த வண்டிக்கு இருக்கும் மவுசு எனக்கும் தெரியும். அழகைக் குறை சொல்லவில்லை. அது இரண்டாவது வண்டியாக இருக்கட்டும் என்கிறேன்.

நம் நாட்டில் ஓர் உரிமம் கிடைத்துவிட்டால் மறுநாளே எத்தனை சி.சி. வண்டியையும் ஓட்டலாம். ஐரோப்பிய நாடுகளில் அவ்வாறில்லை; 125 சி.சி. மற்றும் 11 கிலோவாட் வரையில் ஒரு படி, 35 கிலோவாட் வரையில் இரண்டாம் படி, அதற்கு மேல் மூன்றாம் படி என்று உரிமத்தைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்த அளவுகோலின்படி நம் ஊர் 100, 125 வண்டிகள் முதற்படியிலும், புல்லட் இரண்டாம் படியிலும் அமையும். சட்டம் நமக்கு இந்தப் படிகளைக் கட்டித் தரவில்லை என்பதால், அவற்றை நாமே வகுத்துக்கொள்வதில் இழப்பு ஒன்றுமில்லை.

உரிமம்: எந்த வண்டியில் எட்டுப் போடுவது

முதல் வண்டியின் தேர்வு உரிமத்தோடும் பிணைந்திருக்கிறது. எல்.எல்.ஆர். எடுத்து முப்பது நாள் கழிந்த பின்னரே ஓட்டுநர் தேர்வுக்குச் செல்லலாம். அந்தப் பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும். அக்காலத்தில் வண்டியில் 'எல்' எழுத்து இருக்க வேண்டும். கற்றுக் கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. தேர்வில் காலை ஊன்றாமல் எட்டு வடிவத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். ஸ்கூட்டரில் எட்டுப் போடுவது எளிது என்பதால் பலர் அதையே எடுத்துச் செல்கிறார்கள். அப்படிச் செய்தால் கியர் இல்லாத வண்டிக்கான உரிமமே கிடைக்கும். பின்னாளில் அண்ணனின் ஸ்பிளெண்டரை அவசரத்துக்கு எடுத்துச் சென்றாலும் அது உரிமமில்லாமல் ஓட்டியதாகவே ஆகும். விபத்து நேர்ந்தால், 15 லட்சம் ரூபாய்க்கான கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீட்டைக் கோருவதற்கும் செல்லத்தக்க உரிமம் வேண்டும். ஆகவே வாங்கப் போவது ஸ்கூட்டராகவே இருந்தாலும், முடிந்தவர்கள் ஒரு 100 சி.சி. கியர் வண்டியில் பழகி, அதிலேயே எட்டுப் போட்டு, கியர் வண்டி உரிமத்தைப் பெற்றுக்கொள்வதே தொலைநோக்கு. அதன் இலேசான உடலும் குறுகிய திருப்பமும் தேர்வுக்கும் உதவும்.

பதினெட்டு நிரம்பாதவர்களைப் பற்றி ஒரு சொல். பதினாறு வயதில் பெற்றோர் சம்மதத்துடன் ஓட்டலாம் என்று பலர் நம்புகிறார்கள். சட்டம் அந்த வயதுக்கு அனுமதிப்பது 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டியை மட்டுமே. நம் கிராமங்களில் வாழைத்தார் முதல் உர மூட்டை வரை சுமக்கும் டி.வி.எஸ். எக்ஸெல் 100 வண்டியின் கொள்ளளவு 99.7 சி.சி. என்பதால், பார்ப்பதற்குச் சிறியதாக இருந்தாலும் அதுவும் இதில் அடங்காது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, சிறார் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கலாம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். அந்தச் சிறாருக்கு இருபத்தைந்து வயது வரை உரிமமும் கிடையாது. பிளஸ் டூ முடிக்கும் வரை அவர் பேருந்திலேயே போகட்டும்.

பதினெட்டைக் கடந்தவர்களுக்கு எக்ஸெல் வேறு விதத்தில் நல்ல தொடக்கம். தொண்ணூறு கிலோவுக்குள் அடங்கும் எடையும் தானியங்கிக் கிளட்சும் உள்ள அதைத் தோட்டத்துக்கும் கடைக்கும் மட்டும் ஓட்டுபவர்கள் வேறு வண்டியைத் தேட வேண்டியதில்லை.

பிரேக்

2019 ஏப்ரலில் வந்த விதிப்படி, புதிய வண்டிகளில் 125 சி.சி.க்கு மேற்பட்டவற்றுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம், 125 வரையிலானவற்றுக்கு, ஒரு பிரேக்கை அழுத்தினால் மற்றொன்றும் ஓரளவு பிடிக்கும் சி.பி.எஸ். என்னும் இணைப்பு பிரேக் போதும். 150-ஐத் தேர்வதற்கு உண்மையான காரணம் ஒன்று உண்டென்றால், வலுவைக் காட்டிலும் இதுவே. புதியவர் பதறும்போது பிரேக்கை முழுப் பலத்தோடு அழுத்திவிடுவார், ஏ.பி.எஸ். இல்லாத முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் ஈரத்தரையில் அரை நொடியில் வண்டி விழும். குற்றாலத்தில் சீசன் தொடங்கி, தென்காசிச் சாலையில் மெல்லிய சாரல் விழும் முதல் நாட்களில், கோடை முழுதும் தாரில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து வழுக்கும். புளியரை எஸ் வளைவில் கேரளத்துக்குச் செல்லும் கனரக லாரிகளுக்கு நடுவே அந்த ஈரத்தில் இறங்குவது, ஏ.பி.எஸ். இருந்தாலும் முதல் ஆண்டில் தவிர்க்க வேண்டிய வேலை.

சி.பி.எஸ். வண்டி எடுப்பவர் அஞ்ச வேண்டியதில்லை. மணிக்கு அறுபது கிலோமீட்டரில் போகும் வண்டி, கண் பார்த்துக் கை அசைவதற்குள் கழியும் ஒரு நொடியிலேயே ஏறத்தாழ பதினேழு மீட்டர் கடந்துவிடுகிறது. நாற்பதில் அது பதினொரு மீட்டராகக் குறையும். பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரமோ பாதிக்கும் கீழே போய்விடும். இலேசான வண்டியில் நாற்பத்தைந்துக்குள் ஓட்டி, முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்தப் பழகியவருக்கு ஏ.பி.எஸ். தரும் காப்பின் பெரும்பகுதி கைவந்துவிடும். முன் பிரேக்கைத் தொட்டாலே குப்புற விழுவோம் என்று சொல்லிக் கொடுப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு முன்சக்கரத்திலேயே இருக்கிறது என்பதால், அந்த அறிவுரையைக் கேட்டு நடப்பவர் வண்டியின் பாதி பிரேக்கோடுதான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

150 சி.சி. என்ற எல்லைக்கு இன்னொரு பொருளும் உண்டு. 2022-இல் அறிவிக்கப்பட்ட மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் 75-க்கு மேல் 150 சி.சி. வரையிலான வண்டிக்கு ஆண்டுக்கு 714 ரூபாயாகவும், அதற்கு மேல் 350 வரையில் 1,366 ரூபாயாகவும் வகுக்கப்பட்டது. 149.5 சி.சி. பல்சருக்கும் 159.7 சி.சி. அப்பாச்சிக்கும் ஓட்டுவதில் பெரிய வேறுபாடு தெரியாவிட்டாலும் காப்பீட்டில் தெரியும்.

புதியதா, பழையதா

2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான இருசக்கர வண்டிகளின் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தபின், புதிய வண்டியே வாங்கிவிடலாம் என்ற எண்ணம் பலருக்கு வந்திருக்கிறது. புதிய வண்டியில் நன்மை உண்டு. உத்தரவாதம், ஐந்தாண்டுக்கான மூன்றாம் நபர் காப்பீடு, குறைந்த வட்டியில் கடன், யார் எப்படி ஓட்டினார்களோ என்ற ஐயமின்மை ஆகியவை அதனோடு வருகின்றன. இருந்தும் முதல் ஆண்டில் வண்டி ஒரு முறையேனும் கீழே விழும் என்று எடுத்துக்கொள்வதே விவேகம். பழைய ஸ்பிளெண்டரின் இண்டிகேட்டர் உடைந்தால் பக்கத்து மெக்கானிக் கடையில் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். களக்காடானாலும் ஏர்வாடியானாலும் ஆலங்குளமானாலும் அதற்கு உதிரிப்பாகம் இல்லாத கடையில்லை. புதிய வண்டியின் டேங்கில் விழும் முதல் பள்ளம், ஓட்டுபவரின் மனத்தையும் சேர்த்துக் கலக்கிவிடுகிறது; கடன் தவணை கட்டிக்கொண்டிருப்பவர் விழாமலிருப்பதைவிடக் கீறல் படாமலிருப்பதிலேயே கவனம் வைப்பார்.

பழைய வண்டிக்கு நம் பகுதியில் தனியே சில சோதனைகள் தேவை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணிக் கரையோரப் பகுதிகளும் ஸ்ரீவைகுண்டம், ஏரல் வட்டாரங்களும் நீரில் மூழ்கியபோது மூழ்கிய வண்டிகள் பல. அவற்றைக் கழுவித் துடைத்து ஓட வைத்திருப்பார்கள், ஓடவும் செய்யும். அதற்கு முன் வாங்கப்பட்ட வண்டி என்றால், சீட்டைக் கழற்றி அடியில் வண்டல் படிந்திருக்கிறதா, ஏர் ஃபில்டர் பெட்டியின் மூலைகளில் சேறு காய்ந்திருக்கிறதா, ஸ்பீடோமீட்டர் கண்ணாடிக்குள் நீர்த்தடம் இருக்கிறதா, வயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என்ஜின் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். உவரி, இடிந்தகரை, திருச்செந்தூர் போன்ற கடலோர ஊர்களில் ஓடிய வண்டிகளில் ரிம்மின் கம்பிகளையும், சைலன்சரின் அடிப்பகுதியையும், செயினையும் உப்புக்காற்று அரித்திருக்கும். மேலே பூசிய புதிய பெயிண்ட் அதை மறைக்கும் என்பதால் வண்டியைச் சாய்த்து அடியிலிருந்து பார்ப்பது நல்லது.

"வண்டி தங்கமா இருக்கு அண்ணாச்சி, கண்ண மூடிக்கிட்டு எடுங்க" என்று விற்பவர் சொல்வார். கண்ணைத் திறந்துகொண்டு முதலில் பார்க்க வேண்டியது ஆர்.சி. புத்தகத்தை. சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும்; கடன் நிலுவை குறிக்கப்பட்டிருந்தால், அது தீர்ந்ததற்கான படிவம் 35-உம் வங்கியின் கடிதமும் கைக்கு வராமல் பணம் கொடுக்கக் கூடாது. படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்து வாங்கி, திருநெல்வேலி டி.என். 72 ஆனாலும் தூத்துக்குடி டி.என். 69 ஆனாலும் தென்காசி டி.என். 76 ஆனாலும், உரிய காலத்துக்குள் பெயர் மாற்றத்தை முடித்துவிட வேண்டும். காப்பீட்டையும் பதினான்கு நாளுக்குள் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பெயர் மாற்றாமல் ஆண்டுக்கணக்காக ஓடும் வண்டிகள் நம் ஊரில் நிறைய. விபத்து நடக்கும் நாளில்தான் அதன் விலை தெரியவரும். பதிவு செய்து பதினைந்து ஆண்டு நெருங்கிய வண்டியாக இருந்தால், புதுப்பிக்கும் செலவையும் விலையில் கழித்துக் கேட்க வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த, பி.எஸ். 6 என்னும் புகைத் தர விதிக்கு உட்பட்ட வண்டிகளில் கார்புரேட்டருக்குப் பதில் எரிபொருளைப் பீய்ச்சும் அமைப்பு இருப்பதால் காலையில் சோக் இழுக்கும் வேலையில்லை; ஆனால் அது பழுதானால் எல்லா ஊர் மெக்கானிக்கிடமும் அதற்கான கருவி இருக்காது. வள்ளியூர், அம்பாசமுத்திரம் போன்ற ஊர்களுக்கு அருகில் இருப்பவர் பி.எஸ். 6 வண்டியையும், உள்கிராமத்தில் இருப்பவர் நல்ல பி.எஸ். 4 வண்டியையும் தேடலாம்.

மின்சார வண்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். சொந்த வீடும், வண்டி நிறுத்தும் இடத்தில் மின் இணைப்பும், நாளுக்கு முப்பது நாற்பது கிலோமீட்டருக்குள் ஓட்டமும் உள்ள மாநகரவாசிக்கு அது பெட்ரோல் ஸ்கூட்டரைவிட மலிவாக ஓடும். நின்ற நிலையிலிருந்து அது சட்டென்று பாயும் என்பதால், புதியவர் முதல் மாதம் குறைந்த வேக நிலையிலேயே வைத்திருக்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் 250 வாட்டுக்கும் மேற்படாத வண்டிக்கு மட்டுமே உரிமமும் பதிவும் வேண்டாம். மற்ற எல்லா மின்சார வண்டிகளுக்கும் இரண்டும் உண்டு. பாபநாசம், காரையாறு என்று மலைப்பக்கம் போய்வர நினைப்பவருக்கு இப்போதைக்கு அது ஏற்றதன்று.

யாரிடம் கற்பது

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியா, சித்தப்பாவா, மாமாவா என்ற கேள்வியில் என் சாய்வு பயிற்சிப் பள்ளியின் பக்கம் இருந்தாலும், நம் பகுதியில் பெரும்பாலான பள்ளிகள் காருக்கே இயங்குகின்றன. இருசக்கரத்துக்குக் கற்பிப்பவை பெரும்பாலும் பெண்களுக்கு ஸ்கூட்டர் சொல்லிக் கொடுப்பதோடு நின்றுவிடுகின்றன. உறவினரிடம் கற்பதில் செலவில்லை. பொறுமையும் பல நேரங்களில் இல்லை. பின்னால் உட்கார்ந்துகொண்டு கைப்பிடியை எட்டிப் பிடிப்பவர் கற்றுக் கொடுப்பவர் அல்லர். பக்கத்தில் நடந்தபடியே, ஆக்ஸிலரேட்டரைத் தொடவிடாமல், கிளட்சை மட்டும் மெல்ல விட்டு வண்டியை நகர்த்தச் சொல்லும் உறவினர் வாய்த்தால் அவரே போதும். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதைக் கை அறிந்துகொள்ளாமல் இரண்டாம் கியருக்குப் போவதில் பயனில்லை. இடத்துக்குக் குறைவில்லை. ஊர்ப் புறத்தில் மனைகளாகப் பிரித்து, தார் மட்டும் போட்டு, வீடுகள் எழும்பாமல் கிடக்கும் நகர்கள் பாளையங்கோட்டையைச் சுற்றியும் தென்காசியைச் சுற்றியும் நிறையவே உள்ளன. அங்கே ஒரு வாரம் காலையில் ஓட்டியவர் பெரிய மைதானத்தில் ஒரு மாதம் சுற்றியவரைவிட நன்றாகத் திரும்பக் கற்றுக்கொள்வார். மைதானத்தில் ஓரமும் முனையும் இல்லை.

தைப்பூசத்தை ஒட்டித் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரையாகச் செல்பவர்கள் இரவெல்லாம் சாலையில் நடக்கும் நாட்களில் புதியவர் அந்த வழியில் இருட்டில் ஓட்ட வேண்டாம். எதிரே வரும் விளக்கொளியில் ஓரத்தில் நடப்பவர் கண்ணுக்குத் தெரியமாட்டார்.

மீதிப் பணம்

புதிய 100 சி.சி. வண்டியின் சாலைவிலை லட்சத்தை ஒட்டியும், புல்லட் இரண்டு லட்சத்துக்கு மேலும் நிற்கும்போது, பழைய வண்டி வாங்குபவர் கையில் மீதி இருக்கும். அதில் முதல் செலவு டயர். ரப்பர் தேயாமலிருந்தாலும், பக்கவாட்டில் அச்சிட்ட நான்கு இலக்கங்களில் கடைசி இரண்டு காட்டும் ஆண்டு ஐந்தைக் கடந்திருந்தால் இரண்டையும் மாற்றிவிடலாம். அடுத்தது ஹெல்மெட். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற தர எண்ணும் உள்ள, முகம் முழுதும் மூடும் வகையையே எடுக்க வேண்டும். பின்னால் உட்காருபவருக்கும் ஒன்று. நெல்லை வெயிலில் முழு ஹெல்மெட் புழுங்கும் என்பது மறுக்க முடியாதது. காற்றுத் துளைகள் உள்ளதாகவும், உள்ளுறை கழற்றித் துவைக்கக்கூடியதாகவும் தேர்ந்தால் சகித்துக்கொள்ளலாம். கடையில் தலையில் மாட்டி வாரைப் பூட்டியபின், பின்புறத்திலிருந்து மேல்நோக்கித் தள்ளிப் பார்க்க வேண்டும். கழன்று வந்தால் அளவு பெரிது. கன்னத்தைச் சற்று அழுத்தும் அளவே சரியானது. சில வாரங்களில் உள்ளுறை இளகிவிடும் என்பதால், கடைக்காரர் வசதியாக இருக்கும் என்று நீட்டும் ஒரு அளவு பெரிய ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஓராண்டு முடிந்த பின்னும் 350-இன் மீது ஆசை நீங்காதவர் அப்போது தாராளமாக வாங்கலாம். ஓடித் தேய்ந்த ஸ்பிளெண்டருக்கு நம் சந்தையில் வாங்கிய விலையில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும்; அதே ஓராண்டில் புதிய வண்டியின் மதிப்பு அதைவிட வெகுவாக இறங்கியிருக்கும். டயரை வண்டியோடு கொடுத்துவிட நேரும். ஹெல்மெட் அடுத்த வண்டிக்கும் ஆகும்.